மார்க் இல்லாத மாதம்

ஆசிரியர்கள் வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அதைத் தருகிற அலுவலகம். அங்கே இருந்த கிளார்க் என் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், இது படிப்பா, டூரா?"

"படிப்புதாங்க. மே லீவுல ஸ்பெயினுக்குப் போயி ஒரு மாசம் ஸ்பானிஷ் பாஷை கத்துக்கப் போறேன்."

"முடிச்சா என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க."

"மார்க்கு, கிரேடு?"

"கிடையாதுங்க. எக்ஸாமும் கிடையாது. அவங்க பாஷை, சமையல், ஆட்டம் பாட்டம் எல்லாம் சொல்லிக் குடுத்து அனுப்பிடுவாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "படிப்புன்னா டிகிரி வரணும், டூர்னா சாமி கும்பிடணும். இதை நான் எந்தக் கட்டத்துல டிக் பண்றது?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தார். ஐம்பத்து மூன்று வயதில் நான் 'இதர' ஆனது அப்படித்தான்.

ஸ்டாஃப் ரூமில் இதைவிட மோசம். "இன்கிரிமென்ட் வருமா டீச்சர்?" "பிரமோஷனுக்கு யூஸ் ஆகுமா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கணக்கு டீச்சர். "ஸ்டெப் போடாம ஆன்சர் எழுதினா மார்க் கிடையாது" என்று இருபத்தெட்டு வருஷமாகக் கத்தித் தொண்டை போனவள். நான் மார்க் இல்லாத ஒன்றைத் தேடிப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "எங்க சம்பந்தியம்மாகிட்ட பேசணும்ங்க." அது உண்மைதான். பாதி உண்மை.

மீதிப் பாதி இது. என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த ஸ்பெயின் நாட்டுப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணம் திருவண்ணாமலையில், எங்கள் முறைப்படி. பையன் பக்கத்திலிருந்து வந்தவர் அவன் அம்மா ஒருவர்தான். அவர் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது நாள் எங்கள் வீட்டில் தங்கினார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர ஒன்றும் வராது, எனக்கு ஸ்பானிஷில் ஒன்றும் வராது. ஒன்பது நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கன்னம் வலித்தது.

சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்மணி இல்லை அவர். இரண்டாம் நாளே அடுப்படிக்குள் வந்து என் நாத்தனாரோடு ஒட்டிக்கொண்டார். நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் பஸ்ஸில் வந்து அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். எல்லாம் முடிந்து பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகுதான் வெளியே வருவார். அவருக்கும் கணவர் இல்லை, இருபது வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் பாஷையே இல்லாமல் பூண்டு உரித்தார்கள், பூ கட்டினார்கள். கல்யாணத்தன்று ஆரத்தி கரைத்தது நாத்தனார்தான். தாம்பாளத் தண்ணீரில் மஞ்சளைப் போட்டு, அதில் சுண்ணாம்பைக் கலந்ததும் ஒரே நொடியில் சிவப்பாக மாறுமே, அதைப் பார்த்து சம்பந்தியம்மா கை தட்டிச் சிரித்ததாக நாத்தனார் அப்புறம் என்னிடம் சொன்னார்.

மண்டபத்திலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அடுப்படியிலிருந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சம்பந்தியம்மா. வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தன் பிள்ளைக்குத் தானே சுற்றவேண்டும் என்று அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. என் பின்னால் நின்ற என் பெரியம்மா தொண்டையைக் கனைத்தார். கனைப்பு போதுமாக இருந்தது. புருஷன் இல்லாதவர்கள் ஆரத்தி எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் சிரித்த முகத்தோடு, "வெயிட்டா இருக்கும், குடுங்க" என்று தமிழில் சொல்லி, அவர் கையிலிருந்து தட்டை வாங்கி, பக்கத்தில் நின்ற என் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அவரும் கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினார். தட்டை நான் வாங்கிய வேகத்தில் அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு வழிந்திருந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பாஷை தெரியாது என்பது அந்த நேரத்தில் சௌகரியமாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

மகளை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அவளும் மாப்பிள்ளையும் அப்போது போட்டோகிராஃபரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அவளை நடுவில் நிறுத்தினால் பாரத்தில் பாதி அவள் தலையில் ஏறும். என் கையால் செய்ததை என் வாயால், அந்த அம்மாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்லவேண்டும். நான் போனது அதற்குத்தான். இந்த விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

"ஒரு சாரி சொல்றதுக்கு ஒரு மாசமா? நீ எல்லாத்தையும் ஜாஸ்தி யோசிக்கிற" என்றார் அவர். சொன்னாரே தவிர, ஆறு மாதம் மொட்டை மாடியில் நான் போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் பாடம் உளறியபோது, காயப்போட்ட துணியை எடுத்து மடித்தவரும் அவர்தான். நான் இல்லாத மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் நாத்தனாரே வந்து தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "நீ போயிட்டு வாம்மா. அவனுக்கு உப்பு கம்மியாப் போட்டு நான் பாத்துக்கறேன்" என்றார். எதற்குப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்பெயினில் வடக்குப் பக்கம், ஆறு ஓடுகிற ஒரு நடுத்தர ஊர். போன இரண்டு நாளும் வழி தவறினேன். எங்கள் ஊரில் தலையைத் தூக்கினால் மலை தெரியும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். அங்கே தலையைத் தூக்கினால் பால்கனியும் பூந்தொட்டியும்தான். என்னைத் தங்கவைத்தவர்கள் ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும். பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரி சாப்பாடு ஒன்பதரைக்கு, அப்போதும் வெளியே வெளிச்சம் மிச்சம் இருக்கும். அசைவத்தில் முட்டை மட்டும் சாப்பிடுவேன், மற்றது வேண்டாம் என்று படம் வரைந்து காட்டினேன். அதிலிருந்து அந்த அம்மா எனக்கென்று தனிப் பாத்திரம் வைத்துப் பருப்பு சமைத்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

முதல் நாள் வகுப்பில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மாதத்துக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டோடு போனில் பேசலாம். வகுப்பில் ஆறு பேர். டீச்சர் முப்பது வயதுப் பெண், என் மகள் வயது. எதற்காக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் தட்டுத் தடுமாறி, "என் மகளின் புருஷனின் அம்மா... அவரோடு பேச" என்றேன். உடனே அவர், "கொன்சுவேக்ரா!" என்றார். சம்பந்தியம்மாவுக்கு அந்தப் பாஷையில் சொந்தமாக ஒரு வார்த்தையே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நார்வே நர்ஸ், தங்கள் ஊரில் அப்படி ஒரு உறவே கிடையாது என்றார். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. சம்பந்தி என்ற உறவை மதிக்கிற பாஷையிடம்தான் வந்திருக்கிறேன் என்று தைரியம் வந்தது.

தைரியம் அன்றோடு சரி. அதற்குப் பிறகு பத்து நாள் நான் வாயையே திறக்கவில்லை. மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டி, சரிபார்த்து, திருத்தி, மறுபடி சரிபார்ப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடும். தக்காளி விற்கிறவரிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு வரவேண்டும் என்று மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். நான் அவர் கடை முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஷட்டரை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். போகும்போது பாவம் என்று ஒரு தக்காளியைக் கையில் கொடுத்தார்.

வகுப்பில் எழுதச் சொன்னதை மட்டும் பிரமாதமாக எழுதினேன். டீச்சர் படித்துவிட்டுப் புன்னகையோடு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன், ஒரு எண்ணும் இல்லை. வகுப்பு முடிந்ததும் அவரிடம் தனியாகப் போய் நின்று, "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டேன். அந்த மாதம் நான் தப்பில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தார்.

"இங்கே எண் கிடையாது. எதிரில் இருக்கிறவருக்குப் புரிந்ததா, இல்லையா? அவ்வளவுதான். ஆனால் அதற்கு நீங்கள் பேசவேண்டுமே."

என் வகுப்புப் பெண்களில் கடைசி பெஞ்சில் பேசாமலே உட்கார்ந்திருப்பவர்களை நான் எத்தனை வருஷம், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் அன்று சாயங்காலம் என் நினைவில் வந்து போனார்கள்.

என் வாயைத் திறந்தது பஸ் டிரைவர்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார். மலை இருக்கிறது, பௌர்ணமிக்கு ஜனங்கள் அதைச் சுற்றி நடப்பார்கள், பதினான்கு கிலோமீட்டர், செருப்பில்லாமல் என்று சொன்னேன். மற்றவர்கள் என்றால், ஏன் நடக்கிறார்கள் என்று கேட்பார்கள். இவர், "அப்படியென்றால் பஸ் எந்த வழியாகப் போகும்?" என்று கேட்டார். எங்கள் ஊர் பஸ் டிரைவர்கள் படுகிற பாட்டை அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊருக்கு வெளியிலேயே தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போடுவார்கள், வேலூர் பஸ் ஒரு பக்கம் நிற்கும், திண்டிவனம் பஸ் இன்னொரு பக்கம், வேங்கிக்காலில் இருக்கிற நான் என் வீட்டுக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகும் என்று உப்பு ஜாடியை மலையாக வைத்து, ஸ்பூன்களை ரோடாக அடுக்கி, தப்பும் தவறுமாகக் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு தப்பையும் திருத்தவில்லை. இன்னொரு ஸ்பூனை எடுத்து, "இங்கே ஒரு சுற்றுவழி விட்டிருக்கலாமே?" என்றார். பேசி முடித்தபோது மேஜையில் ஒரு கரண்டியும் மிச்சமில்லை. அந்த மனுஷருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் வகுப்பில் ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னார்கள். டீச்சரிடம் மட்டும் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, என் சிநேகிதிக்கு நடந்தது என்று இந்தக் கதையைச் சொன்னேன். எல்லா டீச்சர்களையும் போல அவரும் இது என் கதைதான் என்று கண்டுபிடித்திருப்பார், காட்டிக்கொள்ளவில்லை. "எனக்குப் புரியவில்லை. தட்டை ஏன் வாங்கினார்?" என்றார்.

தமிழில் என்றால் இதற்கு என்னிடம் ஆயிரம் வார்த்தை உண்டு. சம்பிரதாயம், சகுனம், பெரியவங்க சொன்னது, நாலு பேர் என்ன நினைப்பாங்க, பெண்ணோட வாழ்க்கையாச்சே என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, உள்ளே இருப்பது தெரியாமல் செய்துவிடுவேன். ஸ்பானிஷில் என் கையில் இருந்தது அன்றாடத்துக்கான சின்ன வார்த்தைகள்தான். "அவர் புருஷன் செத்துப்போனார். அதனால் அவர் கை கெட்டது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானே அதைக் கேட்டேன். டீச்சர் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு நான் கேட்டுக்கொண்டபடி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பக்கம் எழுத உதவினார். அதைப் பொதுத் தேர்வுக்குப் படிப்பதுபோல உருப்போட்டேன். ஆற்றங்கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். வாத்துகளுக்கு என் மன்னிப்பு மனப்பாடமே ஆகியிருக்கும்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். இரண்டு மணி நேரப் பயணம். பஸ் டிரைவர் என்னை ஸ்டாண்டுக்கு அழைத்து வந்து, அந்த பஸ்ஸை ஓட்டியவரிடம், இவரை ஜன்னல் ஓரம் உட்கார வை, எங்கே இறங்கணும் என்று சொல்லு என்று ஒரு பாட்டம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சின்ன ஊர், மூன்றாம் மாடி. மணியை அழுத்தியதும் உள்ளேயிருந்து, "அப்படியே நில்லுங்கள்! உள்ளே வராதீர்கள்!" என்று குரல் வந்தது. கதவு திறந்தது. சம்பந்தியம்மா ஒரு பெரிய பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். தட்டில் சிவப்புத் தண்ணீர், நடுவில் ஒரு குட்டி மெழுகுவர்த்தி மிதந்தது. மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் அங்கே எங்கே போவது? அவர்கள் ஊர் மிளகாய்ப்பொடியைக் கரைத்திருந்தார். வாசனையில் எனக்குத் தும்மல் வந்தது. வலது கையில் தட்டைத் தாங்கி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி என்னை மூன்று முறை சுற்றினார். தட்டு சாய்ந்து கொஞ்சம் தண்ணீர் என் புடவையில் சிந்தியது. பிறகு அதில் விரலைத் தோய்த்து என் நெற்றியில் பொட்டு வைத்தார். நெற்றி காந்தியது.

அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கியவளுக்கு அவர் ஆரத்தி எடுக்கிறார்.

உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்ததும் அவர் வேகவேகமாகப் பேசினார். அன்றைக்குத் தன்னால் பெரிய தப்பு நடந்துவிட்டதாம். தனக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்தக் கையைக் கட்டிப்போட்டே எழுதவைத்தார்கள், அப்படியும் போகவில்லை. அன்று ஆசையில் தட்டை இடது கையில் தூக்கி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வீடியோவெல்லாம் பார்த்தபிறகுதான் வலது கையால்தான் செய்யவேண்டும் என்று தெரிந்ததாம். "நீங்கள் எவ்வளவு நாசூக்காக வாங்கினீர்கள்! என்னை யார் முன்னாலும் வெட்கப்பட வைக்கவில்லை. எனக்கு அப்போது தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். எங்கள் ஊரில் இடது கை கூடாது என்பதும் உண்மைதான், பொய்கூட இல்லை. அவர் சந்தோஷமாக இருக்கிறார், என் மரியாதையும் கெடாது, மத்தியானச் சாப்பாடு மணக்கிறது. நான் உருப்போட்டு வைத்திருந்த பக்கம் எனக்கு அந்த நிமிஷம் ஒரு வரிகூட நினைவில் இல்லை. தலை பாதி ஆடியும்விட்டது. அப்புறம்தான் அந்த இடது கையைப் பார்த்தேன். அதை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்.

"இல்லை" என்றேன். "கை இல்லை. உங்கள் கை நல்லது. இரண்டும் நல்லது. உங்கள் புருஷன் இல்லை. எங்கள் ஊர், புருஷன் இல்லாத பெண், தட்டு கூடாது. அதற்காக நான் வாங்கினேன். கெட்ட பழக்கம். கெட்டது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்து வாங்கினேன். எல்லோருக்கும் பயந்தேன். நான் வந்தது இதைச் சொல்ல."

எத்தனை தப்பு அதில் என்று எனக்கே தெரியும். ஆனால் எதிரில் இருந்தவருக்குப் புரிந்தது.

அலமாரி மேல் இருந்த கணவர் படத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கோபமாகத்தான் இருக்கும், இருக்கட்டும், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்தேன். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"இரண்டு வருஷமாக வலது கையால் சூப் குடித்துப் பழகியிருக்கிறேன், தெரியுமா? எத்தனை மேஜைத் துணி நாசமாயிருக்கிறது! உங்கள் வீட்டுக்கு அடுத்த முறை வரும்போது தப்பு செய்யக்கூடாது என்று!" என்று கத்தினார். கத்திக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு முடியும்போது அழுகையாக இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டார். அந்த ஒன்பது நாளில் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் சிரிப்பே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இடது கையால் எனக்குப் பரிமாறினார், இடது கையால் சாப்பிட்டார். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தினார்.

"அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கரைத்தாரே, உயரமாக ஒரு அம்மா. என் சிநேகிதி. அவர் புருஷன்?"

"அவரும் இல்லை. இருபது வருஷம்."

"அவரும் தட்டு எடுக்கக்கூடாதா?"

"கூடாது."

"கரைக்கலாம், எடுக்கக்கூடாதா? அதற்கு அவர் என்ன சொல்கிறார்?"

எனக்கு ஸ்பானிஷில் வார்த்தை கிடைக்கவில்லை என்று அவர் நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். தமிழிலும் என்னிடம் பதில் இல்லை. நான் நாத்தனாரை ஒரு நாளும் கேட்டதில்லை.

படிப்பு முடிந்த அன்று டீச்சர் எல்லோரையும் கட்டிக்கொண்டு அனுப்பினார். சான்றிதழ் இல்லை, மார்க் இல்லை. நார்வே நர்ஸ் ஒரு கம்பளிக் குல்லாயும், பஸ் டிரைவர் தன் கைப்பட வரைந்த எங்கள் ஊர் ரூட் மேப்பும் கொடுத்தார்கள். அவர் விட்டிருந்த சுற்றுவழி நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒரு மாதத்தில் யார் யாரெல்லாமோ எனக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள். என் தப்புத் தப்பான பேச்சுக்கு ஒருவரும் கனைக்கவில்லை. விமானத்தில் இதை நினைத்து நினைத்து மூக்கைச் சிந்தியதில், பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஜலதோஷம் என்று மாஸ்க் போட்டுக்கொண்டார்.

விமான நிலையத்துக்கு வந்திருந்த வீட்டுக்காரரோடு காலை ஒன்பது மணி வாக்கில் வேங்கிக்கால் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினேன். மலை எதிரில் தெளிவாகத் தெரிந்தது. கேட்டைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார்.

"அங்கியே நில்லும்மா! உள்ள வந்துடாத. வெளிநாடு போயி வந்திருக்க, சுத்திப் போடணும். எதிர்வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டிருக்கேன், கொழந்தைக்கு டிபன் குடுத்துட்டு வந்துடறேன்னா."

அவருக்குப் பின்னால் ஷூ ரேக் மேல் தாம்பாளம் தயாராக இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த நிஜச் சிவப்பு. வெற்றிலையும் கற்பூரமும் எடுத்து வைத்திருந்தார். தான் மட்டும் தட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார். அவர் எப்போதும் அந்த இரண்டு அடி தள்ளித்தான் நிற்கிறார் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, நீங்களே சுத்துங்க" என்றேன்.

"என்ன விளையாடறியா? எண்ணி ரெண்டு நிமிஷம், அவ வந்துடுவா."

"அவங்க வேணாம்க்கா. நீங்க கரைச்சது. நீங்க சுத்தினாதான் நான் உள்ள வருவேன்."

அவர் தன் தம்பியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வானத்தில் ஏதோ தேடுபவர்போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டருகில் நின்றுவிட்டாள்.

தமிழில் பேசும்போதும் எனக்கு அந்தச் சின்ன வார்த்தைகள்தான் வந்தன. "உங்க கை நல்ல கைக்கா. நாங்க பண்ணதுதான் தப்பு. நான் பண்ணது. இருவது வருஷத்துல ஒரு வாட்டிகூட உங்களை நான் கேட்டதில்ல. என்னை மன்னிச்சுடுங்க."

நாத்தனார் முந்தானையில் இரண்டு கையையும் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். பிறகு கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கினார். கை ஆடவே இல்லை. நேற்றுவரை தினமும் சுற்றியவர்போல, வலமாக மூன்று சுற்று, ஒரு சொட்டு சிந்தாமல் சுற்றினார். தட்டில் விரலைத் தோய்த்து, சம்பந்தியம்மா வைத்த அதே இடத்தில் எனக்குப் பொட்டு வைத்தார்.

"கேட்டிருந்தா அன்னைக்கே சுத்தியிருப்பேனேம்மா" என்றார். தட்டை யாரிடமும் கொடுக்காமல், தானே தெருவில் ஊற்றிவிட்டு வந்தார்.